தூரம் வேறு, இடப்பெயர்ச்சி வேறு



சென்ற மாதம் பிள்ளைகளின் கேள்வி நேரத்தில் நான் ஒரு அம்மாவுக்குக் கடன்பட்டேன். அந்தக் கடனை இந்த இதழில் தீர்க்கப் பார்க்கிறேன்.

நடந்தது இதுதான். பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் தொலைபேசியில் வந்து, "அங்கிள், டிஸ்ரன்ஸ் என்பதற்கும் டிஸ்பிளேஸ்மென்ற் என்பதற்கும் என்ன வித்தியாசம்? சோதனையில் இரண்டையும் மாற்றி எழுதிப் புள்ளிகள் போய்விட்டன" என்று கேட்டார். விஞ்ஞானக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் எங்கள் நண்பர் அன்று நிலையத்துக்கு வரவில்லை. நானோ வணிகம் படித்தவன். பௌதிகவியலை ஓ.எல். விஞ்ஞானத்தோடு கைகழுவியவன். ஆனாலும் ஒலிவாங்கிக்கு முன்னால் இருப்பவன் "தெரியாது" என்று சொல்லக் கூச்சப்படுவான். தெரிந்ததைச் சொன்னேன்.

"மகள், வீட்டிலிருந்து ஒரு கிலோமீற்றர் நடந்து கடைக்குப் போய்த் திரும்பி வந்தால் நீங்கள் நடந்த தூரம் இரண்டு கிலோமீற்றர். இடப்பெயர்ச்சி பூச்சியம். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தவருக்கு இடப்பெயர்ச்சியே இல்லை."

விடை சரிதான். மாணவியும் நன்றி சொல்லி வைத்துவிட்டார். எனக்கும் உள்ளூர ஒரு புளுகம். அடுத்த அழைப்பு வயதான ஒரு அம்மாவினுடையது.

"தம்பி, தொண்ணூற்றஞ்சில நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டு, தொண்ணூற்றாறில அதே வீட்டுக்குத் திரும்பிப் போனனாங்கள். நீங்கள் சொல்லுற கணக்குப்படி நான் இடம்பெயரேல்லையோ?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டைப் போட்டுவிட்டேன்.

ஒலிபரப்பு முடிந்து காரில் வீட்டுக்கு வரும்போது அந்தக் கேள்விதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாணவியின் குழப்பமும் அந்த அம்மாவின் கேள்வியும் ஒரே முடிச்சில் இருந்து வருகின்றன என்று எனக்குப் பட்டது. அதனால் இந்த முறை புத்தகங்களைப் புரட்டி, ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர் ஒருவரிடம் சரிபார்த்து, ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலில் மெல்பேணில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு இடத்தை எடுப்போம். போர்ட் பிலிப் குடாவின் வாயில் மேற்குக் கரையில் குவீன்ஸ்கிளிஃப், கிழக்குக் கரையில் சொரென்ரோ. கோடை விடுமுறைக்கு இரண்டுக்கும் போயிருப்பீர்கள். காரில் குவீன்ஸ்கிளிஃபிலிருந்து சொரென்ரோவுக்குப் போவதென்றால் ஜீலோங், மெல்பேண், ஃபிராங்க்ஸ்ரன் என்று குடாவை முழுதாகச் சுற்ற வேண்டும். ஏறத்தாழ 200 கிலோமீற்றர். காரோடு வள்ளத்தில் ஏறினால் நாற்பது நிமிடத்தில் அக்கரை. நேர்கோட்டில் அளந்தால் பத்துக் கிலோமீற்றர் சொச்சம்தான்.

காரில் சுற்றிப் போனவரும் வள்ளத்தில் போனவரும் சொரென்ரோவில் சந்திக்கிறார்கள் என்று வையுங்கள். முதலாமவர் கடந்த தூரம் 200 கிலோமீற்றர். இரண்டாமவர் கடந்தது பத்துச் சொச்சம். ஆனால் இருவருடைய இடப்பெயர்ச்சியும் ஒன்றே: பத்துக் கிலோமீற்றர் சொச்சம், தென்கிழக்குத் திசையில். ஏனென்றால் தூரம் என்பது போன பாதையின் நீளம். வளைவு, நெளிவு, திரும்பி வந்தது, வழிதவறிச் சுற்றியது எல்லாம் அதில் சேரும். இடப்பெயர்ச்சிக்குத் தேவை இரண்டு புள்ளிகள் மட்டும். எங்கே தொடங்கினாய், இப்போது எங்கே நிற்கிறாய்? அந்த இரண்டுக்கும் இடையில் ஒரு நேர்கோடு போட்டு, அதன் நீளத்தையும் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் சொன்னால் போதும்.

அந்தத் திசையைச் சொல்லாமல் விடுவதுதான் பிள்ளைகள் புள்ளி இழக்கும் இடம். "இடப்பெயர்ச்சி 10 கிலோமீற்றர்" என்று மட்டும் எழுதினால் விடை அரைகுறை. "தென்கிழக்கே 10 கிலோமீற்றர்" என்று எழுத வேண்டும். தூரத்துக்குத் திசை கிடையாது. இலங்கைப் பாடநூல்களில் தூரத்தை எண்ணிக்கணியம் என்றும், இடப்பெயர்ச்சியைக் காவிக்கணியம் என்றும் படித்தோம். அளவு மட்டும் இருந்தால் எண்ணி, அளவோடு திசையும் இருந்தால் காவி. எங்கள் ஊரில் சுமையைத் தூக்கிக்கொண்டு போவதைக் காவுவது என்போம். ஆங்கிலத்தில் வெக்ரர் என்கிறார்களே, அந்த இலத்தீன் சொல்லுக்கும் காவுபவர் என்றுதான் பொருளாம். இந்தப் பெயரை வைத்தவர்கள் விளங்கித்தான் வைத்திருக்கிறார்கள்.

இனி நகருக்குள் வருவோம். மெல்பேண் நகர மையம் சதுரங்கப் பலகை மாதிரி. 1837இல் வரைந்த திட்டப்படி ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ 200 மீற்றர், பெருந்தெருக்களின் அகலம் 30 மீற்றர். ஆக ஒரு தெருச் சந்தியிலிருந்து அடுத்த சந்திக்கு 230 மீற்றர் அளவில் வரும். ஃபிளின்டர்ஸ் தெருவும் எலிசபெத் தெருவும் சந்திக்கும் மூலையில் ரயிலால் இறங்கி நில்லுங்கள். ஃபிளின்டர்ஸ் தெரு வழியே ஸ்பிரிங் தெருவரை நான்கு கட்டம் நடவுங்கள். பிறகு இடப்பக்கம் திரும்பி லொன்ஸ்டேல் தெருவரை மூன்று கட்டம். நடந்தது ஏழு கட்டம், அதாவது 1,610 மீற்றர். இடப்பெயர்ச்சி எவ்வளவு? பைதகரசைக் கூப்பிடுங்கள். நான்கின் வர்க்கம் பதினாறு, மூன்றின் வர்க்கம் ஒன்பது, கூட்டினால் இருபத்தைந்து, வர்க்கமூலம் ஐந்து. ஐந்து கட்டம், 1,150 மீற்றர். கட்டடங்களுக்கு மேலால் ஒரு காகம் நேராகப் பறந்தால் அவ்வளவுதான்.

தூரம் ஒருபோதும் இடப்பெயர்ச்சியின் அளவைவிடக் குறையாது. ஒரே திசையில் நேராகப் போனால் இரண்டும் சமம். மற்ற எல்லா நேரமும் தூரம்தான் கூட.

எனக்கு இது விளங்கியது என் தொழிலால்தான். ஒரு வங்கிக் கணக்கை எடுங்கள். ஜூலை முதலாம் திகதி மிகுதி 500 டொலர். வருடம் முழுவதும் சம்பளம் வருகிறது, வீட்டுக் கடன் போகிறது, பிள்ளையின் நீச்சல் வகுப்பு, ஊருக்கு அனுப்பியது என்று ஆயிரக்கணக்கில் உள்ளே வந்து வெளியே போகிறது. அடுத்த ஜூன் 30இல் மிகுதி மீண்டும் 500 டொலர். வருட மாற்றம் பூச்சியம். ஆனால் அந்த வருடம் ஒன்றுமே நடக்கவில்லை என்று எந்தக் கணக்காளரும் சொல்லமாட்டார். உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் ஒன்றுவிடாமல் கூட்டினால் அது தூரம் மாதிரி. இறுதி மிகுதியிலிருந்து ஆரம்ப மிகுதியைக் கழித்தால் அது இடப்பெயர்ச்சி மாதிரி. இரண்டும் சரியான கணக்கு. கேட்ட கேள்விதான் வேறு.

வரிக் காலத்தில் என்னிடம் வருபவர்களுக்கு இன்னொரு உதாரணம் சொல்வேன். வேலைக்காகக் கார் ஓடிய செலவை அவுஸ்திரேலிய வரி அலுவலகத்திடம் கிலோமீற்றருக்கு இவ்வளவு சதம் என்ற முறையில் கோரலாம், ஒரு காருக்கு வருடம் 5,000 கிலோமீற்றர் வரை. அங்கே கேட்பது தூரம். இடப்பெயர்ச்சியைக் கேட்டிருந்தால் ஒருவருக்கும் ஒரு சதமும் கிடைத்திராது, எல்லாருடைய காரும் இரவில் வீட்டு முற்றத்தில்தானே நிற்கிறது!

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காரின் ஓடோமீற்றரில் இறுதி எண்ணிலிருந்து ஆரம்ப எண்ணைக் கழிக்கிறோம். அப்படியென்றால் அதுவும் இடப்பெயர்ச்சிதானே என்று மாணவர் ஒருவர் என்னிடம் வாதாடினார். இல்லை. ஓடோமீற்றர் நீங்கள் வடக்கே போனாலும் கூட்டும், தெற்கே திரும்பினாலும் கூட்டும். அதற்குக் கழிக்கத் தெரியாது. அதனால் அது காட்டுவது தூரம்.

இதே வித்தியாசம் வேகத்திலும் வரும். டன்டினோங்கிலிருந்து நகருக்கு 30 கிலோமீற்றர் போய், அதே வழியால் 30 கிலோமீற்றர் திரும்பி வர மொத்தம் இரண்டு மணித்தியாலம் என்றால், தூரத்தை நேரத்தால் பிரிக்க மணிக்கு 30 கிலோமீற்றர். இடப்பெயர்ச்சியை நேரத்தால் பிரிக்கப் பூச்சியம். முதலாவதை நாங்கள் இலங்கையில் கதி என்றும், இரண்டாவதை வேகம் என்றும் படித்தோம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் முதலாவதுக்குத்தான் வேகம் என்று பெயர், இரண்டாவது திசைவேகம். வீட்டில் அம்மப்பா ஒன்று சொல்லிக்கொடுக்க, இணையத்தில் சென்னை ஆசிரியர் வேறொன்று சொன்னால் இருவரில் ஒருவர் பிழை என்று பிள்ளைகள் நினைக்க வேண்டாம். நல்ல வேளையாக இடப்பெயர்ச்சி என்ற சொல் இரண்டு கரையிலும் ஒன்றே. பஞ்சாங்கக்காரரிடமும் அது இருக்கிறது. சனிப்பெயர்ச்சி என்றால் சனி எந்த ராசியிலிருந்து எந்த ராசிக்கு மாறியது என்ற இரண்டு முனைகளைத்தானே சொல்கிறார்கள். இடையில் வக்கிரத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் போய்வந்ததாகத் தெரிவது அந்தப் பெயரில் வராது.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். போர்ட் பிலிப் குடாவைப் போல யாழ்ப்பாணக் கடல்நீரேரியும் ஆட்களைச் சுற்றவைத்த தண்ணீர்தான். யாழ்ப்பாண நகரிலிருந்து பூநகரி நேர்கோட்டில் 30 கிலோமீற்றரும் இல்லை. தரைவழியே ஆனையிறவு, பரந்தன் என்று சுற்றினால் 80 கிலோமீற்றருக்கு மேல். கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையில் முன்பு பாதை என்ற மிதவை ஓடியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். போர்க்காலத்தில் அதுவும் இல்லை. 2011 ஜனவரியில் அந்த இடத்தில் 288 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரிக்குத் தூரம் பாதிக்கும் கீழே இறங்கியது. இடப்பெயர்ச்சி? ஒரு அங்குலமும் மாறவில்லை. யாழ்ப்பாணமும் பூநகரியும் முன்பு இருந்த இடத்தில்தானே இருக்கின்றன. பாலம் கட்டுவது, பாதை பூட்டுவது, சோதனைச் சாவடி போடுவது எல்லாம் தூரத்தைத்தான் மாற்றும்.

அந்த அம்மாவின் கேள்விக்கு இனி வரலாம். அவரிடம் அனுமதி கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவருடைய வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி வந்தது. நான் கணக்குக் கொப்பியும் பேனையும் கொண்டுபோயிருந்தேன்.

"அம்மா, நான் அன்றைக்கு ஒன்று சொல்லாமல் விட்டிட்டன். இடப்பெயர்ச்சி என்றால் எந்த நாளில் இருந்து எந்த நாள் வரைக்கும் என்று முதலில சொல்ல வேணும். கணக்கு வருடம் மாதிரி. அது இல்லாமல் விடை இல்லை" என்றேன்.

"அப்ப நாங்கள் எந்த நாளில தொடங்குறது?"

"நீங்கள்தான் சொல்ல வேணும்."

1995 ஒக்ரோபர் 30 என்றார். வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்த நாள். அவருடைய வீடு நல்லூர்ப் பக்கம். அந்த வீட்டு வாசலை ஆரம்பப் புள்ளியாக வைத்தோம். கொப்பியில் இரண்டு நிரல் போட்டேன். ஒன்று தூரம், மற்றது வீட்டு வாசலிலிருந்து இடப்பெயர்ச்சி.

முதல் வரி, நல்லூரிலிருந்து செம்மணி, நாவற்குழிப் பாலம் வழியாகச் சாவகச்சேரி. தூரம் ஏறத்தாழ 15 கிலோமீற்றர். இடப்பெயர்ச்சி கிழக்கே 14. ஓடோமீற்றருக்கு நேரம் தெரியாது. அந்தப் பதினைந்து கிலோமீற்றருக்கு அவருக்கு ஒரு இரவும் மறுநாள் காலையும் சென்றன. மழையும் சனநெருக்கமும், பாலத்தில் மணிக்கணக்காக அசையாமல் நின்றதும் எந்த நிரலிலும் வரவில்லை.

அடுத்தது 1996 ஏப்ரல். அதே வழியால் திரும்பி வீடு. தூரம் 15. இடப்பெயர்ச்சி நிரலில் பூச்சியம் போட்டேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பூச்சியத்தைப் பார்த்தார்.

"வீடு அங்கதான் இருந்தது. கூரை இல்லை, கதவு நிலையும் இல்லை. கிணத்துக்குள்ள என்ன கிடந்தது எண்டு நான் சொல்லேல்லை."

பௌதிகவியல் ஆளையும் வீட்டையும் புள்ளியாக்கித்தான் கணக்குப் போடுகிறது என்று விளக்கினேன். புள்ளிக்குக் கூரை கிடையாது. அந்தப் பூச்சியம் சொல்வது அவர் நின்ற இடத்தை மட்டும். "நீ இடம்பெயரவில்லை" என்று அது சொல்லவில்லை. நாங்கள் இடப்பெயர்வு என்று சொல்லும்போது வீட்டை விட்டுத் துரத்தப்பட்டதைச் சொல்கிறோம். பாடநூல் இடப்பெயர்ச்சி என்று சொல்லும்போது இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான கோட்டைச் சொல்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் சின்ன வித்தியாசம் இருக்கிறது, அன்று நான் அதைக் கவனிக்காமல் "இடப்பெயர்ச்சியே இல்லை" என்று முழங்கியதுதான் பிழை. "இடப்பெயர்ச்சி பூச்சியம்" என்று நிறுத்தியிருக்க வேண்டும். அம்மா தலையாட்டினார். முழுச் சமாதானம் என்று சொல்லமாட்டேன்.

தொடர்ந்து எழுதினோம். 1998இல் காங்கேசன்துறையில் கப்பல் ஏறித் திருகோணமலை, அங்கிருந்து கொழும்பு. கடலும் தரையுமாக ஏறத்தாழ 480 கிலோமீற்றர். இடப்பெயர்ச்சி தெற்கே 300 சொச்சம். 2000இல் கொழும்பிலிருந்து சிங்கப்பூர் வழியாக மெல்பேண், 8,800 கிலோமீற்றர் அளவில். நல்லூர் வாசலிலிருந்து இன்றைய இடப்பெயர்ச்சி தென்கிழக்கே ஏறத்தாழ 8,550.

இந்த எண்ணைப் பார்த்த எங்கள் பௌதிகவியல் ஆசிரியர் என்னைத் திருத்தினார். 8,550 என்பது பூமியின் மேற்பரப்பை ஒட்டி அளந்த மிகக் குறுகிய வழி. பூமி உருண்டை. உண்மையான நேர்கோடு நிலத்துக்குள்ளால், இந்து சமுத்திரத்துக்கு அடியால் போகும், அதன் நீளம் 7,900 அளவில்தான் வரும் என்றார். கணித்துப் பார்த்தேன், சரி. நல்லூருக்கும் சாவகச்சேரிக்கும் இந்த வித்தியாசம் கண்ணில் தெரியாது. கண்டங்கள் தாண்டும்போது தெரியும். நாங்கள் கொப்பியில் மேற்பரப்புக் கணக்கையே வைத்துக்கொண்டோம்.

தூர நிரலைக் கூட்டினேன். பதினைந்து, பதினைந்து, நானூற்று எண்பது, எண்ணாயிரத்து எண்ணூறு. மொத்தம் 9,310. கோடு போட்டு முடிக்கப் போனேன்.

"பொறும் தம்பி. ஒண்டு விடுபட்டுப் போச்சு."

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் இடம் பிடித்த பிறகுதான் மாமியைக் காணவில்லை என்று தெரிந்ததாம். கூட்டத்தில் கை விட்டுப்போயிருக்கிறது. பிள்ளைகளைப் பக்கத்துக் குடும்பத்திடம் விட்டுவிட்டு, வந்த சனத்துக்கு எதிராகத் திரும்பி நாவற்குழிப் பாலம்வரை நடந்திருக்கிறார்.

"கண்டுபிடிச்சனீங்களோ?"

"ஓம். பாலத்தடியில ஒரு சைக்கிள் கரியரில சாய்ஞ்சுகொண்டு இருந்தவ. கூட்டிக்கொண்டு வந்தனான். அதையும் எழுதும்."

போக எட்டு, வர எட்டு. முதல் வரிக்கும் இரண்டாவது வரிக்கும் இடையில் நெருக்கி எழுதினேன். தூரம் 16. புறப்பட்டதும் முடிந்ததும் சாவகச்சேரி என்பதால் மற்ற நிரலில் மாற்றம் எதுவும் இல்லை, அதே 14தான். மொத்தத்தை வெட்டி 9,326 என்று திருத்தினேன். அம்மா கொப்பியை வாங்கி, விரலால் வரிவரியாகக் கூட்டிப் பார்த்துவிட்டு, சரி என்றார்.